காற்று திரும்பும் வரை: சான்சிபார் துறைமுகத்தில் ஒரு குளிர்காலம்

பாய்மரக் கப்பல்களைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டினால் புயல், போர், கொள்ளைக்காரர்கள், புதுக் கண்டம் என்று பக்கத்துக்குப் பக்கம் ஓட்டம்தான். கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து நங்கூரம் போட்டதும் அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியில் கப்பல் மறுபடி புறப்பட்டிருக்கும். நடுவில் இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். அந்த மாதங்களில் மாலுமிகள் எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், கையில் காசு இருந்ததா என்றெல்லாம் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

மற்ற கடல்களுக்கு இது சரியாக இருக்கலாம். இந்தியப் பெருங்கடலுக்குச் சரிவராது. குவைத், ஓமன், ஹத்ரமவுத், கட்ச் போன்ற இடங்களிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன பாய்க்கப்பல்கள் ஒவ்வொரு வருடமும் லாமு, மொம்பாசா, சான்சிபார் துறைமுகங்களில் வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் கிடந்தன. சுவாஹிலி என்கிற மொழியும் அதைப் பேசும் துறைமுக நகரங்களும் இன்றைய உருவத்துக்கு வந்ததில் இந்தக் காத்திருப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த மாலுமிகள் தலைமுறை தலைமுறையாகக் கடனில் கிடந்ததற்கும் இதே காத்திருப்புக்கும் தொடர்பு உண்டு.

முதலில் கொஞ்சம் பூகோளம். குளிர்காலத்தில் ஆசிய நிலப்பரப்பு குளிர்கிறது. அதன் மேலுள்ள காற்று கனத்து, வெப்பமான கடலை நோக்கி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கோடையில் எல்லாம் தலைகீழ். நிலம் சூடாகிறது, காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. நம்ம ஊர் மீனவர்கள் வாடை, சோழகம், கச்சான், கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பதைப் போல சுவாஹிலி மக்களும் வைத்திருக்கிறார்கள். வடகிழக்குக் காற்று 'கஸ்காசி'. தென்மேற்குக் காற்று 'கூசி'. ஏறக்குறைய டிசம்பரிலிருந்து மார்ச் வரை கஸ்காசி அடிக்கும். அரேபியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு இறங்கிப் போக அது தோதான காற்று. திரும்பிப் போக வேண்டுமானால் ஏப்ரலில் கூசி தொடங்க வேண்டும். ஆனால் ஜூன், ஜூலை வந்தால் அதே கூசி வெறிபிடித்த மாதிரி அடிக்கும். அப்போது அரபிக்கடலில் பாய்க்கப்பல் ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். ஆக, போவதற்கு ஒரு ஜன்னல், வருவதற்கு இன்னொரு ஜன்னல், இரண்டுக்கும் நடுவே காத்திருப்பு. ஜனவரியில் சான்சிபார் போய்ச் சேர்ந்தவன் அவசரம் என்று தலைகீழாக நின்றாலும் ஏப்ரலுக்கு முன்னால் ஊர் திரும்ப முடியாது.

இன்னொரு விஷயம். வடகிழக்குக் காற்று தெற்கே போகப் போக வலுவிழக்கும். ஒரே பருவத்தில் போய்த் திரும்ப வேண்டுமென்றால் சான்சிபார், இன்னும் கொஞ்சம் துணிந்தால் இன்றைய தான்சானியாவின் கில்வா, அவ்வளவுதான். அதற்கும் தெற்கே சோஃபாலா வரை (தங்கம் அங்கிருந்துதான் வந்தது) போனால் அடுத்த வருடம்தான் வீடு. இதனால்தான் 14ம் நூற்றாண்டில் கில்வா கொழித்தது. தெற்கிலிருந்து வரும் தங்கமும் வடக்கிலிருந்து வரும் கப்பலும் சந்திக்கும் இடம் அது. 1505ல் போர்த்துக்கீசியர் அதைச் சூறையாடினார்கள் என்பது தனிக்கதை.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு சிக்கல் இருந்தது. இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனை வைத்து ஓடுவது. வருடத்துக்குச் சுமார் 11 நாள் பின்னால் நகரும். ஆனால் காற்று சூரியன் கணக்குப்படிதான் மாறுகிறது. ரஜப் மாதம் கிளம்பு என்று அப்பா மகனுக்குச் சொல்லிவிட்டுப் போனால் பத்து வருடத்தில் மகன் புயலில் மாட்டுவான். அதனால் தொழுகைக்கும் நோன்புக்கும் சந்திர நாட்காட்டி, கடலுக்குப் பாரசீகப் புத்தாண்டான நைரூஸிலிருந்து எண்ணும் சூரிய நாட்காட்டி என்று மாலுமிகள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். 15ம் நூற்றாண்டின் புகழ்பெற்ற வழிகாட்டி அகமது இபின் மாஜித், எந்தத் துறைமுகத்திலிருந்து நைரூஸின் எத்தனையாவது நாளில் புறப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். காற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்லும் 'மான்சூன்' என்ற சொல்லே 'பருவம்' என்று பொருள்படும் 'மவ்ஸிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

சரி, காத்திருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

இதற்கு நல்ல சாட்சி ஆலன் வில்லியர்ஸ் என்ற ஆஸ்திரேலியர். ஐரோப்பியப் பாய்க்கப்பல்களில் வேலை பார்த்து, அவை அழிவதைக் கண்ணால் பார்த்தவர். பாய்மரத்தையே நம்பி ஓடும் கடைசிப் பெரும் கப்பல் கூட்டம் அரேபியர்களுடையது என்று முடிவு செய்து, 1938 டிசம்பரில் ஏடனில் 'பயான்' என்ற குவைத் கப்பலில் ஏறினார். அதன் தலைவர் அலி பின் நாசிர் அல் நஜ்தி, முப்பதைத் தொடாத வாலிபர். இந்தக் கப்பல்களையெல்லாம் ஆங்கிலத்தில் ஒட்டுமொத்தமாக 'தௌ' என்பார்கள். சொந்தக்காரர்கள் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு பூம், சம்பூக், கோட்டியா என்று உருவத்துக்கொரு பெயர். பயான் ஒரு பூம். முன்னும் பின்னும் கூராக இருக்கும், இரண்டு பாய்மரம், சுமார் 150 டன். வில்லியர்ஸ் எழுதிய 'சிந்துபாத்தின் மைந்தர்கள்' 1940ல் வெளிவந்தது. அவர் எடுத்த புகைப்படங்கள் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் எழுத்தில் பழையதைப் பற்றிய ஏக்கம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் மாலுமியின் கடனைப் பார்த்து அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அந்தக் கப்பலில் மாலுமிகளுக்கு அறை கிடையாது. சுமார் முப்பது பேர், அத்தனை பேரும் திறந்த மேல்தளத்தில்தான். நாகுதா என்று அழைக்கப்படும் தலைவருக்கே பின்பக்கம் உயர்ந்த தளத்தில் விரித்த ஒரு கம்பளம்தான் வீடு, அலுவலகம், வரவேற்பறை எல்லாம். சரக்குக்கு மேல் பாய் விரித்துப் படுக்க இடம் கிடைத்தவன் பாக்கியசாலி. ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு மரப்பெட்டி. அதில்தான் அவனுடைய நல்ல துணி, அவன் சொந்தமாக விற்கக் கொண்டு வந்த சாமான், எல்லாம். கழிப்பறை என்பது கப்பலின் பின்புறம் கடலுக்கு மேலே தொங்கும் ஒரு மரக்கூண்டு. கடலில் போகும்போது பரவாயில்லை. துறைமுகத்தில் பக்கத்துக் கப்பல்காரன் பார்க்க அதில் ஏறி உட்காருவது பழகாதவனுக்குச் சங்கடம்தான்!

அடுப்பு முன்பக்கம். மண் நிரப்பிய மரப்பெட்டி, அதன் மேல் விறகு. மரக்கப்பலில் தீ என்பது விளையாட்டு இல்லை, அதனால்தான் மண். சோறு, மீன், பேரீச்சம்பழம், கொஞ்சம் நெய். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். துறைமுகத்தில் இருப்பதன் லாபம் சாப்பாட்டில் தெரியும். ஆட்டிறைச்சி, வாழைப்பழம், தேங்காய், மாம்பழம், புதுத் தண்ணீர். கடலில் மரத்தொட்டித் தண்ணீரை அளந்து குடித்தவனுக்குக் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய விருந்து.

குளிர்காலம் என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. ஜனவரியில் குவைத்தில் உடம்பு நடுங்கும். சான்சிபாரிலோ வருடத்திலேயே அதிகமாகக் கொளுத்துவது அப்போதுதான். மார்ச் கடைசியில் 'மசிகா' என்ற பெருமழை தொடங்கிவிடும். கூரை இல்லாத தளத்தில் கிடப்பவனுக்கு வெயிலும் சொந்தம், மழையும் சொந்தம். ஒரு பழைய பாயைக் கட்டி அதனடியில் ஒடுங்கிக்கொள்வார்கள்.

விடியுமுன் பாங்கு. தொழுகை முடிந்ததும் தண்ணீர் இறைப்பது. எவ்வளவு நன்றாகக் கலப்பற்று செய்தாலும் மரக்கப்பலில் கசிவு நிற்காது. துறைமுகத்தில் கிடந்தாலும் தினமும் இறைத்தே ஆக வேண்டும். பிறகு வேலை. கப்பல் துறைமுகத்தில் நின்றால் மாலுமிக்கு ஓய்வு என்று தரையில் இருப்பவர்கள் நினைக்கலாம். உண்மையில் கப்பலைப் பழுது பார்க்கக் கிடைப்பது இந்த நாட்கள்தான். பாய் முழுவதையும் கரையில் விரித்து, மாலுமிகளே உட்கார்ந்து கையால் தைப்பார்கள். ஒரு பெரிய பூமின் பாயை விரிக்க நல்ல அகலமான மணல்வெளி வேண்டும். மலபாரிலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிறு அறுந்த இடங்களில் மாற்றப்படும். பயானில் இருந்த தச்சர் ஓடும் கப்பலின் தளத்திலேயே ஒரு படகு கட்டினார்! கட்டி முடித்த படகு ஏதாவது துறைமுகத்தில் விலைக்குப் போய்விடும்.

எல்லாவற்றையும் விடக் கடினமான வேலை அடிப்பாகத்தைச் சுத்தம் செய்வது. வெப்பக் கடலில் கப்பற்புழு என்று ஒன்று உண்டு. மரத்தைத் துளைத்து உள்ளேயே வாழும். கவனிக்காமல் விட்டால் தேக்குப் பலகைகூட வெளியே முழுசாகத் தெரிய, உள்ளே சல்லடையாகிவிடும். பாசியும் சிப்பியும் ஒட்டினால் வேகமும் போய்விடும். இதற்கு இயற்கையே ஒரு வசதி செய்து கொடுத்திருந்தது. சான்சிபார் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் சுமார் 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். கடல் ஏறியிருக்கும்போது கப்பலை மணல் திட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டியது. தண்ணீர் வற்றியதும் கப்பல் மணலில் உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றம் வரை சில மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் எல்லோரும் இறங்கிச் சுரண்டி, தேய்த்து, சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்த கலவையை வெறும் கையால் பூசி முடிக்க வேண்டும். கூலியாள் கிடையாது. பாட்டுக்காரன் ஒருவன் பாட, மற்றவர்கள் பதில் குரல் கொடுத்துக்கொண்டே பூசுவார்கள். தண்ணீர்க் கோட்டுக்கு மேலே உள்ள பலகைக்கு சுறா எண்ணெய். அதன் நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளைக்காரப் பயணி இல்லை.

நாற்றம் என்றதும் சொல்ல வேண்டியது, அரேபியக் கரையிலிருந்தும் சோமாலியக் கரையிலிருந்தும் இந்தக் கப்பல்கள் கொண்டுவந்த முக்கியமான சரக்குகளில் ஒன்று சுறாக் கருவாடு. சான்சிபார் ஏழைகளின் சாப்பாடு அது. கூடவே உப்பு, பஸ்ராவின் பேரீச்சம்பழம், பாரசீகக் கம்பளம். கருவாட்டுக்கும் கம்பளத்துக்கும் ஒரே கப்பல். வாங்கியவர்கள் என்ன செய்தார்களோ!

கப்பல் சரக்கு முதலாளிக்கு. மாலுமியின் பெட்டிக்குள் இருப்பது மாலுமிக்கு. மாலையில் வேலை முடிந்ததும் நல்ல துணியை உடுத்திக்கொண்டு, கையில் அல்வா டப்பாவோ துணியோ எடுத்துக்கொண்டு சான்சிபாரின் சந்துகளில் விற்கக் கிளம்பிவிடுவார்கள். சுங்கக்காரன் கண்ணில் படாமல் விற்பது தனிக்கலை. இரவில் கப்பலுக்குக் கப்பல் மேளமும் பாட்டும் காப்பியும். பக்கத்துக் கப்பலில் உறவினன் இருப்பான், எந்த ஊரில் என்ன விலை, யார் கரை சேர்ந்தார்கள், யார் சேரவில்லை என்ற செய்தி அங்கேதான் கைமாறும். நாகுதாக்கள் ஒருவர் கம்பளத்துக்கு இன்னொருவர் விருந்தாளியாகப் போய்ப் பேசிக்கொண்டே இருப்பார்கள். வெட்டிப்பேச்சு போலத் தெரியும். உண்மையில் அதுதான் அந்தக் காலத்துச் சந்தை நிலவரம்.

இப்படி வருடா வருடம் ஒரே ஊரில் மூன்று மாதம் கிடந்தால் என்ன நடக்கும்? அங்கேயும் ஒரு வீடு உருவாகும். இது 20ம் நூற்றாண்டுச் சமாச்சாரம் இல்லை. முசிறியைப் பற்றிச் சொல்வதால் நம் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்த பெரிப்ளஸ் என்ற கிரேக்கக் கடல் கையேடு, கி.பி. முதல் நூற்றாண்டிலேயே கிழக்கு ஆப்பிரிக்கக் கரையைப் பற்றியும் சொல்கிறது. அங்கே வரும் அரேபிய மாலுமிகள் உள்ளூர்ப் பெண்களை மணந்து, உள்ளூர் மொழியும் தெரிந்தவர்கள் என்கிறது. (அந்தக் கரையின் ரப்தா என்ற ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே கயிற்றால் தைத்த படகுகள் இருந்ததால்தான்.) பின்னாளில் மதுரை சுல்தானின் அரண்மனை வரை வந்த அதே இபின் பதூதா, 1331ல் மொகாதிஷுவில் இறங்கியதை எழுதியிருக்கிறார். கப்பல் வந்ததும் ஊர் இளைஞர்கள் சிறு படகுகளில் மூடிய உணவுத் தட்டுகளுடன் வருவார்களாம். யார் யாருக்குத் தட்டைக் கொடுக்கிறாரோ அந்த வணிகர் அவர் வீட்டு விருந்தாளி. தங்குவதும் அங்கே, விற்பதும் வாங்குவதும் அவர் மூலம். மாதக்கணக்கில் தங்க வேண்டிய வெளியூர்க்காரனுக்கு வேறென்ன வழி? நம்பிக்கையான ஒரு வீடு வேண்டும். விருந்தோம்பலும் தரகு வியாபாரமும் அங்கே ஒன்றாகவே பிறந்திருக்கின்றன.

சுவாஹிலி என்ற பெயரே 'கடற்கரைகள்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மொழியின் எலும்பு ஆப்பிரிக்க பாண்டு மொழி. அதன் மேல் அரபு, பாரசீகம், இந்திய மொழிகளிலிருந்து சொற்கள் படிந்தன. கப்பல் தலைவன் 'நஹோதா', துறைமுகம் 'பந்தாரி', கடை 'துகா', சர்க்கரை 'சுகாரி'. ஒரு நாள் நின்று சரக்கு இறக்கிவிட்டுப் போகிறவர்கள் விட்டுச் செல்லும் சொற்கள் இல்லை இவை. சமையலறை வரை போனவர்கள் விட்ட சொற்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு அழகான படம் மனதில் விழும். அந்தப் படத்தில் பெரிய கறை ஒன்று இருக்கிறது. 1840 வாக்கில் ஓமன் சுல்தான் சையித் சயித் தன் அரசவையையே சான்சிபாருக்கு மாற்றிக்கொண்ட பிறகு தீவு கிராம்புத் தோட்டமாக மாறியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தது ஆப்பிரிக்க உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். சான்சிபார் சந்தையில் விற்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் இதே பருவக் கப்பல்களில் வடக்கே போனார்கள். காற்று திரும்புவதற்கு முந்தைய வாரங்கள் ஊருக்கே பயமான காலம். வடக்கிலிருந்து வந்த மாலுமிகள் கிளம்பும்போது குழந்தைகளையும் பிறர் வீட்டு அடிமைகளையும் திருடிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதால் மக்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். விருந்தாளியும் திருடனும் ஒரே காற்றில் வந்திருக்கிறார்கள். 1873ல் பிரிட்டிஷ் நிர்ப்பந்தத்தில் சுல்தான் பர்காஷ் கடல் வழி அடிமை வியாபாரத்தைத் தடை செய்து சந்தையை மூடினார். அந்த இடத்தில் இப்போது இருப்பது ஆங்கிலிக்கன் தேவாலயம். தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாக நடந்தது. பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்களின் சோதனையிலிருந்து தப்ப, ஓமனின் சூர் துறைமுகக் கப்பல்கள் சில பிரெஞ்சுக் கொடியைப் பறக்கவிட்டன. அந்தத் தகராறு ஹேக் நகரின் சர்வதேச நடுவர் மன்றம் வரை போய் 1905ல் தீர்ப்பானது.

வில்லியர்ஸ் போன காலத்தில் அதெல்லாம் முடிந்திருந்தது. மாலுமியின் அடிமைத்தனம் வேறு வடிவில் தொடர்ந்தது. அதன் பெயர் முன்பணம்.

கணக்கு இப்படி. மாலுமிக்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். பயணம் முடிந்ததும் கிடைத்த வருமானத்திலிருந்து சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மிச்சத்தில் பாதி கப்பலுக்கு, பாதி ஆட்களுக்கு. ஆட்களின் பாதியைப் பங்கு போடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணம் ஒன்பது மாதம் வரை நீளும். அதுவரை வீட்டில் மனைவி மக்கள் என்ன சாப்பிடுவார்கள்? அதனால் கிளம்பும்போதே நாகுதாவிடம் முன்பணம் வாங்க வேண்டும். திரும்பி வந்தால் பங்கிலிருந்து அது கழியும். பெரும்பாலும் பங்கை விடக் கடன் பெரிதாக இருக்கும். பாக்கி இருந்தால் அடுத்த வருடமும் அதே நாகுதாவிடம்தான் வேலை. நாகுதா மட்டும் சுதந்திரமானவரா என்றால் அதுவும் இல்லை. அவர் முன்பணம் கொடுக்க குவைத் வணிகரிடம் கடன் வாங்கியிருப்பார். பயணம் முழுவதையும் மேலிருந்து கீழ் வரை ஒரு கடன் சங்கிலி கட்டி இழுத்தது. (அந்தக் கடன்களெல்லாம் ரூபாயில்! குவைத்தில் 1961 வரை புழங்கியது ரூபாய் நாணயம்தான்.)

இங்கேதான் துறைமுகக் காத்திருப்பு மாலுமியைக் கடித்தது. கப்பல் ஓடினாலும் நின்றாலும் அரிசி தீரும். அந்த அரிசியின் விலை அவன் பங்கிலிருந்து போகும். பாய் தைத்தாலும் அடிப்பாகம் சுரண்டினாலும் தனிக்கூலி இல்லை. காற்று திரும்பாத ஒவ்வொரு நாளும் அவன் கணக்கில் ஒரு பற்று. மாலையில் சந்து சந்தாக அல்வா விற்றவனைப் பார்த்து அரேபிய மாலுமிக்கு வியாபாரப் புத்தி ரத்தத்தில் ஊறியது என்று எழுதிய வெள்ளைக்காரர்கள் உண்டு. கையில் தங்கும் ஒரே காசு அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான் என்பதைக் கவனித்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள்.

பயான் சான்சிபாரிலேயே ஏப்ரல் வரை கிடக்கவில்லை. காத்திருக்கும் காலத்தில் திரும்பிப் போகச் சரக்கு ஏற்ற வேண்டும். அது கிடைக்கும் இடம் தெற்கே ருஃபிஜி ஆற்றின் கழிமுகம். சேறு, கொசு, புழுக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் கண்டல் காடு. பிச்சாவரத்தைப் பார்த்தவர்கள் அதைப் பல மடங்காகக் கற்பனை செய்துகொள்ளலாம். கண்டல் மரக் கம்புகளை உள்ளூர் ஆட்கள் வெட்ட, மாலுமிகள் முழங்கால் சேற்றில் நின்று சுமந்து கப்பலில் அடுக்கினார்கள். வாரக்கணக்கில் இதே வேலை. காய்ச்சல் வராதவன் அதிர்ஷ்டசாலி. மொத்தப் பயணத்திலும் மாலுமிகள் அதிகம் வெறுத்த இடம் அதுதான்.

ஏன் இந்தக் கம்புக்கு இவ்வளவு பாடு? குவைத்தில் மரம் கிடையாது. கப்பலுக்கான தேக்கு மலபாரிலிருந்து வந்தது. வீட்டுக் கூரைக்கான உத்திரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கண்டல் கம்பு உறுதியானது, கறையான் எளிதில் அண்டாது. ஆனால் நீளம் கம்மி. சுவருக்குச் சுவர் அதைப் போட்டுக் கூரை வேய்ந்தால் அறையின் அகலம் சுமார் 3 மீட்டருக்கு மேல் போக முடியாது. வளைகுடாவின் பழைய வீடுகளில் அறைகள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒடுக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். லாமு, சான்சிபார் கல்வீடுகளும் அதே அளவுதான், அங்கேயும் அதே கம்பு. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு கரைகளிலும் ஒரே அகலத்தில் அறை!

சோழகம், அதாவது கூசி, வீசத் தொடங்கியதும் கப்பல்கள் வடக்கே கிளம்பின. 1939 கோடையின் தொடக்கத்தில் பயான் குவைத் சேர்ந்தது. மேளம் கொட்டி, கொடி பறக்கவிட்டு, பாடிக்கொண்டே துறைமுகத்துக்குள் நுழைவது வழக்கம். வீட்டில் தங்கக் கிடைத்தது சில நாட்கள்தான். கோடை என்றால் முத்துக்குளிக்கும் காலம். கடனிலிருந்த மாலுமிகள் பலர் உடனே முத்துப் படகுகளில் ஏற வேண்டியிருந்தது. அங்கே இன்னொரு முன்பணம், இன்னொரு கடன். ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்த பிறகு 1930களில் அந்தத் தொழிலும் படுத்துவிட்டது. முங்குகிறவனின் கடன் அவன் இறந்தால் மகன் தலையில் விழும் வழக்கமும் வளைகுடாவில் இருந்தது.

இந்தச் சங்கிலியை அறுத்தது சட்டமோ சீர்திருத்தமோ என்று சொல்ல முடியவில்லை, எண்ணெய்தான். வில்லியர்ஸ் பயானில் ஏறிய அதே 1938ம் வருடம், பிப்ரவரியில், குவைத்தின் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. போர் முடிந்து 1946ல் ஏற்றுமதி தொடங்கியது. அதன் பிறகு எவன் ருஃபிஜி சேற்றில் நிற்பான்? பத்துப் பதினைந்து வருடத்துக்குள் குவைத்தின் பெரிய பூம்கள் ஆளில்லாமல் கிடந்தன.

ஓமன் கப்பல்களும் கட்ச் கப்பல்களும் இன்னும் கொஞ்ச காலம் ஓடின. 1963 டிசம்பரில் சான்சிபார் சுதந்திரம் பெற்றது. ஒரு மாதம் சற்றே கடந்திருந்தது, 1964 ஜனவரி 12ம் தேதி புரட்சி வெடித்தது. கஸ்காசி அடிக்கும், கப்பல்கள் வந்து சேரும் அதே மாதம். சுல்தான் தப்பி ஓடினார். அடுத்த சில வாரங்களில் ஆயிரக்கணக்கான அரேபியர்கள் கொல்லப்பட்டார்கள், இந்திய வம்சாவளியினரும் தாக்கப்பட்டார்கள், உயிர் பிழைத்தவர்களில் பலர் கிடைத்த படகில் ஏறிப் போனார்கள். அடிமைச் சந்தையின் நினைவும், தோட்டங்கள் யார் கையில் இருந்தன என்ற கோபமும் அந்த வன்முறைக்குப் பின்னால் இருந்தன. செத்தவர்களில் மிகப் பலர் தோட்டம் எதுவும் இல்லாத சின்னக் கடைக்காரர்களும் ஏழைகளும். நூற்றாண்டுகளாகக் காத்திருப்புக்கு வீடு கொடுத்த ஊரில் அதன் பிறகு காத்திருக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மொம்பாசாவில் இன்னும் சில வருடம் வந்தார்கள். 1982ல் கென்யா கண்டல் கம்பு ஏற்றுமதியைத் தடை செய்தபோது அந்தச் சரக்கும் போயிற்று. வளைகுடாவில் அதற்குள் கான்கிரீட் கூரை வந்துவிட்டிருந்தது.

நஜ்தி நீண்ட காலம் இருந்தார். 1979ல் மீன் பிடிக்கப் போன இடத்தில் புயலில் சிக்கி, குவைத்துக்கு அருகிலேயே கடலில் இறந்தார். பயான் காலத்தைச் சேர்ந்த இன்னொரு பூம், 1938ல் கட்டிய 'ஃபத்தே அல் கைர்', குவைத்தின் அறிவியல் மையத்துக்கு வெளியே பழுது பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சான்சிபாரின் பழைய துறைமுகத்தில் இப்போதும் பாய் கட்டிய சிறு 'ஜஹாஸி'கள் உண்டு. கண்டங்களுக்கு நடுவே ஓடுபவை அல்ல அவை. எதிர்க்கரையான ஆப்பிரிக்க நிலப்பகுதிக்கும் தீவுக்கும் இடையே சரக்கு ஏற்றிச் செல்பவை. காலையில் பாய் விரித்தால் அதே நாளிலோ மறுநாளோ கரை சேர்ந்துவிடும்.